மாத்தளை தந்த பாடம்

கண்டிக்கு வடக்கே மலைகள் சூழ அமைந்த சிறு பட்டினம் மாத்தளை. அதனைச் சுற்றித் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் செழித்து வளர்ந்தன. ஆயின் அச்செழிப்பை உண்டாக்கிய தோட்டத் தொழிலாளர் பலர் வெளுத்த முகமும் வீங்கிய கால்களும் உடையோராய், சிறு ஏற்றத்திலும் மூச்சிரைத்து நின்றனர். கண்டோர் அதனைச் சோம்பல் என்றனர். அது சோம்பலன்று, குருதிச் சோகை. அதற்குப் பெருங்காரணமாய் அமைந்தது கொக்கிப்புழு.

ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமே உள்ள இப்புழு, சிறுகுடலின் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகின்றது. ஒரு புழுவினால் ஒரு நாளில் இழக்கப்படுவது சில துளிகளுக்கு மேற்படாது. ஆனால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்காக உறிஞ்சினால், அரைவயிற்று உணவு உண்போர் அவ்விழப்பை எங்ஙனம் ஈடுசெய்வர்? கருவுற்ற தாய்மாரும் வளரும் பிள்ளைகளுமே இதனாற் பெரிதும் நலிவர்.

நோயாளியின் மலத்தோடு வெளிவரும் முட்டைகள், ஈரமும் நிழலும் உள்ள மண்ணிற் பொரிக்கின்றன. சில நாட்களில் அக்குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றன. தோல்வழியே புழு புகும் உண்மையை 1898ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர், கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்த ஆதர் லூஸ் என்னும் அறிஞர். குடம்பிகள் கலந்த நீர் தற்செயலாக அவர் கைமீது சிந்தியதே அதற்கு வழிகாட்டிற்று.

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியத்தார், இலங்கையில் இப்புழுவை ஒழிக்கும் பணியை மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தொடங்கினர். மருந்து கொடுத்தனர், புழுக்கள் வெளியேறின. ஆயினும் அப்பயன் நிலைக்கவில்லை. லயங்களை அடுத்துப் போதிய மலசலகூடங்கள் இல்லை. செலவைக் கருதித் தோட்டத்துரைமார் பலர் அவற்றைக் கட்டத் தயங்கினர். மருந்துண்டவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தனர். குடலினின்று விரட்டப்பட்ட புழு, பாதத்தின் வழியே மீண்டும் குடிபுகுந்தது.

மருந்து மட்டும் போதாது என்பதே மாத்தளை தந்த பாடம். மருந்தோடு மலசலகூடமும் சுகாதாரக் கல்வியும் தாய்சேய் நலமும் ஒருங்கே வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையிலே இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது.

இன்று அல்பெண்டசோல், மெபெண்டசோல் போன்ற மருந்துகள் மலிவாய்க் கிடைக்கின்றன. அவ்வாறிருந்தும், மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களைப் பீடித்துள்ளன என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. வைத்தியர் கூறும் காலத்திற் பிள்ளைகளுக்குப் பூச்சிமருந்து கொடுப்பது பெற்றோர் கடன். அவர்கள் பாதங்களுக்குச் செருப்பும், வீட்டுக்கொரு மலசலகூடமும் அமையுமாயின், அம்மருந்தின் பயன் நிலைக்கும். வீடு தம்முடையதல்லாத லயங்களில் வாழ்வோருக்கு அவ்வசதியைச் செய்து கொடுப்பது, அவர்தம் உழைப்பாற் பயன் பெறுவோர் கடனாகும்.