செக் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை



செக் என்பது பணமன்று. இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்கவென்று கணக்குடையவர் தம் பாங்கிக்கு இடும் கட்டளையேயாகும். அக்கட்டளையில் மோசடிக்கு இடம் வைப்பவர் அடையும் நஷ்டத்துக்கு 1915-ம் வருஷத்தில் லண்டனில் நடந்த ஒரு காரியம் சான்றாகும்.

மாக்மில்லன், ஆர்தர் என்னும் கூட்டு வியாபாரிகளிடம் நம்பிக்கை பெற்ற குமாஸ்தா ஒருவர் இருந்தார். பகலுணவுக்குப் புறப்பட்ட ஒரு கூட்டாளியிடம், சில்லறைச் செலவுக்கு 2 பவுன் வேண்டுமென்று சொல்லி அவர் ஒரு செக்கை நீட்டினார். இலக்கத்தில் 2 என்று மட்டும் இருந்தது. அதன் இருபுறமும் இடம் விட்டிருந்தது. தொகையை எழுத்தால் எழுதும் வரியோ வெறுமையாயிருந்தது. கூட்டாளி அவசரத்தில் கையொப்பமிட்டார். பின்னர் குமாஸ்தா 2-க்கு முன் 1-ம், பின் 0-வும் சேர்த்து, வெற்று வரியில் நூற்றிருபது பவுன் என்றெழுதிப் பாங்கியில் பணம் பெற்றார். வியாபாரிகள் பாங்கியின்மேல் வழக்குத் தொடுத்தனர். கவனக்குறைவாய்க் கையொப்பமிட்டவரையே நஷ்டம் சாருமென்று பிரபுக்கள் சபை 1918-ல் தீர்ப்பளித்தது.

ஆகையால் தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகிய யாவும் நிரம்பிய பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். தொகையை வரியின் இடது ஓரத்திலேயே தொடங்கி, எழுத்தாலும் இலக்கத்தாலும் நெருக்கமாய் எழுதி, ‘மட்டும்’ என முடித்து, எஞ்சிய இடத்தில் கோடிழுத்தல் நலம். கொண்டு வருபவருக்குக் கொடுக்கவென்னும் சொல்லை அடித்துவிட்டு, இடது மேல்மூலையில் இரு சாய்கோடுகளிட்டு, அவற்றிடையே ‘பெறுபவர் கணக்கில் மட்டும்’ என்றெழுதினால், பணம் அவர் கணக்கில் வரவாகுமேயன்றி ரொக்கமாய்ப் பிறர் கைக்குச் செல்லாது. பிழை நேர்ந்தால் திருத்தாமல், அச்செக்கை ரத்து செய்து வேறு எழுதுக. இந்தியாவில் 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதமே.

வெளியூர் செல்லும் தலைவர் வெற்றுச் செக்குகளில் கையொப்பமிட்டுக் காரியதரிசியிடம் வைத்துப்போவதும், கடன் வாங்குவோர் வெற்றுச் செக்கை ஈடாகக் கொடுப்பதும் பெருந்தீங்கு. மனமுவந்து கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கில் பிறர் தொகை எழுதினாலும், கடன் இல்லையென்று காட்டும் பாரம் கையொப்பமிட்டவரையே சாருமென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2019-ல் கூறியிருக்கிறது. கணக்கில் பணமின்றி அச்செக் திரும்பினால், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் செலுத்தாதவருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும், செக் தொகையின் இருமடங்கு வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

குமாஸ்தாவின் நாணயத்தைச் சந்தேகிக்க வேண்டுவதில்லை. வெற்றிடத்தைச் சந்தேகித்தால் போதும். முதலில் எழுத்து, பிறகே கையொப்பம். இதுவே சங்கப் பணத்துக்கும் குடும்பப் பணத்துக்கும் காவல்.