சாவி அதிகாரி கையில். விடுதலை அவர் கையில் இல்லை

(தாராவியில் நடந்த சங்க மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். இட்லிக் கூடை சுமந்து பிழைப்பவர். பதினைந்து வயது மகனை செல்போன் திருட்டு என்று பிடித்து ரிமாண்டு ஹோமில் வைத்திருந்தார்கள். "அண்ணாச்சி, ஆபீசர் மனசு வச்சா பிள்ளைய விட்டுருவாராம். வாசல்ல ஒருத்தன் ஐயாயிரம் கேக்கான். கம்மல அடகு வைக்கட்டா?" என்றார்.

"வைக்காதீங்கம்மா. அவன் விக்கிற சரக்கு அந்தக் கடையிலேயே கிடையாது" என்றேன்.

நான் ரயில்வே குமாஸ்தா. டிக்கெட் பரிசோதகருக்கு அபராதம் வசூலிக்க அதிகாரம் உண்டு. ரசீது தராமல் வசூலிக்க அதிகாரம் இல்லை. சட்டம் எதுவரை அனுமதிக்கிறதோ, அதுவரைதான் எந்த அதிகாரியின் அதிகாரமும்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத பிள்ளையைப் பிடித்தால், 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

குழுமம் என்பது ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும். அந்த இருவரில் ஒருவராவது பெண். ஜாமீன் தர இவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஜாமீனில் விடுவதுதான் விதி; மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஜாமீன் நிபந்தனையை ஏழை வீட்டால் ஏழு நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பிள்ளையை மீண்டும் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும்.

அப்படியானால் கூர்நோக்கு இல்லத்து அதிகாரிக்கு என்ன வேலை? பிள்ளையைப் பத்திரமாக வைத்திருப்பது, சோறு, மருத்துவம், படிப்பு தருவது, ஒழுங்கைக் காப்பது, தவணை நாளில் குழுமத்தின் முன் நிறுத்துவது. விடுவிக்கவோ, தண்டனை விதிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. திருத்துகிறேன் என்று அடித்தால் 82-ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மறுமுறை மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. கொடுமை செய்தால் 75-ஆம் பிரிவு: இல்லத்து ஊழியருக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம்.

அங்கே நல்ல ஊழியர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் பாதுகாப்பு ஒருவருடைய நல்ல மனதை மட்டும் நம்பி இருக்கலாமா? அதற்காகத்தான் ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இல்லத்தைப் பார்வையிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிள்ளை உடம்பில் காயம் கண்டால் தேதி போட்டு எழுதிக் குழுமத்திடம் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள்.

நமக்குப் பெரிய தடை மொழி. மராத்தியில் கேட்பார்கள், பயத்தில் தலையாட்டிவிடுவோம். இனி ஆட்டாதீர்கள். நடவடிக்கை மொழி புரியாத பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளரைத் தருவது குழுமத்தின் கடமை. இலவச வக்கீலும் உண்டு. புரியாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

நம் சாலுக்கு இரண்டு பேர் வீதம் இதைப் படித்து வைத்திருக்க வேண்டும். பிள்ளை பிடிபட்ட அன்றிரவே பெற்றோருடன் போக ஆள் வேண்டும். இன்றே பெயர் கொடுங்கள்.

அந்தத் தாயுடன் தவணை நாளில் நானும் போனேன். மொழிபெயர்ப்பாளர் கேட்டோம், கிடைத்தார். தாயின் பொறுப்பில் பையனை ஜாமீனில் விட்டார்கள். வழக்கு நடக்கிறது, பையன் பள்ளிக்கூடம் போகிறான். கம்மல் அவர் காதிலேயே இருக்கிறது.