பாட்டனாரின் பாய்த்தோணி



கரையில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த எங்கள் பாட்டனாரின் பாய்த்தோணியை விறகுக்கு விற்பதென வீட்டில் முடிவாயிற்று. சகோதரர் நாங்கள் தவணை கேட்டோம். வாடை தொடங்குமுன் அது மிதக்காவிட்டால் விறகுதான். கையிலிருந்த பணமோ சொற்பம்.

வர்ணம் பூசுங்கள் என்றனர் பலர். வர்ணம் ஓட்டையை மறைக்கும், அடைக்காது. ஆகவே ஏராவையும் வங்குகளையும் கத்திமுனையால் குத்திப் பார்த்தோம். முனை இலகுவாக இறங்கினால் மரம் உளுத்ததென்று பொருள். அப்படி இரண்டு வங்குகளே அகப்பட்டன. அவற்றை மட்டும் மாற்றினோம். நம்மூர்ப் பெயர் பூண்ட போர்க்கப்பல் ஒன்று 1817 இல் பம்பாயில் தேக்கினால் கட்டப்பட்டது. இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் அதைப் பத்தாண்டுக்கு மேல் பழுதுபார்த்து 2001 இல் முடித்தார்கள். பணமிருந்தும் நல்ல பழைய மரத்தை அவர்கள் கழிக்கவில்லை.

கூலி கொடுத்தது ஓடாவியார் ஒருவருக்கே. பலகை இடுக்குகளில் பழைய பஞ்சைச் சுரண்டிப் புதியதைத் திணித்தோம். எங்கள் பலத்தைக் கண்டு அவர் தடுத்தார்: "தம்பிமாரே, மெல்ல! காய்ந்த பலகை தண்ணீரில் ஊதும். இப்பவே இறுக்கினால் ஆணி கழரும்." பின் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினோம்.

ஆழமில்லாத நீரில் இறக்கிய அன்றே தோணி பாதி நிரம்பியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஓடாவியார் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் பலகைகள் ஊறி நெருங்க, கசிவு நின்றது.

பாய்க்குத்தான் பணமில்லை. எவர் வீட்டிலாவது பழைய கூடாரத்துணி கிடந்தால் தந்துதவுங்கள். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர் போய்வரக் கச்சான் காலம் இன்னும் சில வாரம் இருக்கிறது.