மறுப்புக்கும் இடம் கொடுத்த ஜெபம்



மூத்தோர் பேசும் இந்த அறக்கட்டளை மேடையில் ஒரு மாணவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். இறையியல் படிக்க வந்த நாள்முதல் என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு சிறு நூலைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். அது ஆன்செல்ம் எழுதிய ‘புரோஸ்லோகியோன்’.

1. ஒரே ஒரு வாதம்

ஆன்செல்ம் 1033இல் ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே அவோஸ்தாவில் பிறந்தவர். 1093 முதல் 1109இல் இறக்கும்வரை கேன்டர்பரியின் பேராயர். அதற்கு முன் நார்மண்டியில் பெக் மடத்துத் துறவி. அங்கேதான், 1077-78 வாக்கில், இந்நூலை எழுதினார். முந்தைய நூலில் பல வாதங்களைக் கோத்திருந்தார். இத்தனை எதற்கு, ஒன்றே போதாதா என்ற எண்ணம் பிறகு அவரை ஆட்டிப்படைத்தது. ஊணும் உறக்கமும் கெட்டன. வழிபாட்டில் மனம் நிற்கவில்லை. இது பிசாசின் சோதனையோ என்றுகூட அஞ்சினார். ஓர் இரவு ஜெபத்தின்போது விடை கிடைத்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய ஈட்மர் சொல்கிறார்.

விடை இதுதான். கடவுளைவிடப் பெரிய ஒன்றை எண்ணவே முடியாது. 14ஆம் சங்கீதத்தில் கடவுள் இல்லை என்று உள்ளத்தில் சொல்லிக்கொள்கிறானே மதிகேடன், அவனுக்கும் இந்தப் பேச்சு விளங்கும். விளங்கினால், அது அவன் எண்ணத்தில் இருக்கிறது. எண்ணத்தில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரிது. ஆகவே, எதைவிடப் பெரியதை எண்ண முடியாதோ அது எண்ணத்தோடு நின்றுவிட்டால், அதைவிடப் பெரியதை எண்ணலாம் என்றாகிவிடும். அது முரண்பாடு. எனவே கடவுள் உண்மையிலும் இருக்கிறார்.

2. மதிகேடனுக்கு ஒரு வக்கீல்

மறுப்பு வந்தது, நாத்திகரிடமிருந்து அல்ல. தூர் நகருக்கு அருகில் மார்முத்தியே மடத்துத் துறவி கௌனிலோ, மதிகேடனின் சார்பில் எழுதினார். கடலில் தொலைந்துபோன ஒரு தீவு. செல்வத்திலும் இன்பத்திலும் எல்லா நாடுகளையும் விஞ்சியது. சொன்னால் எனக்கு விளங்குகிறது. அதற்காக, உண்மையிலும் இருந்தால்தானே அது எல்லாவற்றையும் விஞ்சும், ஆகவே தீவு உண்டு என்று ஒருவன் வாதாடினால் யாரை முட்டாள் என்பது, அவனையா, நம்பிய என்னையா என்று கேட்டார்.

ஆன்செல்ம் சினக்கவில்லை. மதிகேடனுக்காகப் பேசுகிறவர் மதிகேடன் அல்ல, விசுவாசி. ஆகவே விசுவாசிக்குப் பதில் சொன்னாலே போதும் என்று தொடங்கினார். என் வாதம் ஒன்றே ஒன்றுக்குத்தான் பொருந்தும், வேறெதற்காவது பொருத்திக் காட்டினால் அந்தத் தீவை நானே தேடிக் கொடுக்கிறேன் என்று விளையாட்டாகவும் எழுதினார். அதன்பின் அவர் செய்த காரியம் இன்னும் பெரியது. கௌனிலோவின் மறுப்பையும் தம் பதிலையும் நூலோடு சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

தீவு எவ்வளவு சிறந்ததானாலும் அதைவிடச் சிறந்த தீவை எண்ணலாம் என்பதால், கௌனிலோவின் உவமை ஆன்செல்மை வீழ்த்தவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வாதம் வென்றதாகவும் சொல்லமாட்டேன். எண்ணத்திலிருந்து உண்மைக்குத் தாவும் அந்த இடத்தை இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஏற்கவில்லை. 1781இல் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட்டும் ஏற்கவில்லை.

3. நிரூபணத்துக்குப் பிறகு

பாடநூல்கள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. நூலில் 26 அதிகாரங்கள். இந்த வாதமோ 2 முதல் 4 வரையிலான மூன்றே அதிகாரங்களில் முடிகிறது. நூல் முழுவதும் கடவுளை நோக்கிய ஜெபம். 14ஆம் அதிகாரத்தில் தம் ஆத்துமாவையே கேட்கிறார்: தேடியதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்றால் ஏன் அதை உணரவில்லை? அடுத்த அதிகாரத்தில், கடவுள் எண்ணத்துக்கே எட்டாத அளவுக்குப் பெரியவர் என்கிறார். நிரூபித்தவரே, நிரூபணம் கடவுளைப் பிடித்துத் தந்துவிடவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அந்த ஏக்கத்தையும் அவர் நூலிலிருந்து நீக்கவில்லை.

என்னால் ஏற்க முடியாத இடமும் உண்டு. துன்பம் தீண்டாத கடவுள் எப்படி இரங்குவார்? இரக்கத்தின் பயனை நாம் உணர்கிறோம், அவருக்குள் துயரம் எழுவதில்லை என்று 8ஆம் அதிகாரம் விடையளிக்கிறது. சிலுவையை மையமாகக் கொண்ட விசுவாசத்துக்கு இது போதாது. இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1972இல் எழுதிய ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ என் மனக்குறையை என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் மோல்ட்மனிடமும் கேட்க ஒரு கேள்வி உண்டு: நம்மோடு சேர்ந்து துன்பப்படுவதால் மட்டும் கடவுள் நம்மை எப்படி மீட்பார்? இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே முறை.

மறுப்புக்கு இடம் கொடுப்பதை அக்குவினாஸ் ஒரு வழக்கமாகவே ஆக்கினார். கடவுள் உண்டா என்று கேட்கும் பகுதியில், அவர் உண்டு என நிறுவும் ஐந்து வழிகளைச் சொல்வதற்கு முன் இரண்டு மறுப்புகளை வைக்கிறார். முதலாவது, உலகில் தீமை இருக்கிறதே என்பது. இரண்டாவது, இயற்கையும் மனித அறிவுமே எல்லாவற்றையும் விளக்கப் போதுமே என்பது. இன்றும் நம்மிடம் கேட்கப்படுபவை இவைதாம். மறுப்பைக் கேட்டாலே விசுவாசம் குலைந்துவிடும் என்று அஞ்சும் சபை, தன் கடவுளைத் தானே சிறிதாக்கிக்கொள்கிறது.

எனவே அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வுரையை நூலாக அச்சிடும்போது, இப்போது அவையில் எழப்போகும் மறுப்புகளையும் சேர்த்தே அச்சிடுங்கள். என் பதில் சிலவற்றுக்குப் போதாமல் போகலாம். அப்போதும் அவற்றை நீக்காதீர்கள்.