தலைக்குள் இருக்கும் வான்கதவு

(தலவாக்கலையில் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய சுகாதார உரை)



"காலையில தேத்தண்ணி குடிக்காட்டி மண்டைய பிளக்குது" என்று நம்ம லயங்களில் பலபேர் சொல்வாங்க. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பிரஷர் என்றால் என்ன, பாரிசவாதம் ஏன் வருகிறது என்பதும் விளங்கிவிடும்.

உடம்பின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கிற ஒட்சிசனில் நூற்றுக்கு 20 பங்கு அதற்கே போகிறது. இரத்தம் சில நிமிஷம் நின்றாலும் மூளை பழுதாகும். அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்தாலும் ஆபத்து.

2012ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் நம்ம மேல் கொத்மலை அணையைப் பாருங்கள். மழை கூடினால் வான்கதவைத் திறக்கிறார்கள், குறைந்தால் மூடுகிறார்கள். மூளையின் இரத்தக் குழாய்களிலும் அப்படித்தான். குழாயின் சுவரில் தசை வளையம் இருக்கிறது. அங்கே வரும் நரம்புகள் நோரட்ரினலின் என்ற பொருளை விட்டால் குழாய் இறுகும். நைட்ரிக் ஒக்சைட்டை விட்டால் தளரும். இந்த நைட்ரிக் ஒக்சைட்டின் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருளும் சேர்ந்து குழாயை விரிக்கும். தேயிலையில் உள்ள கபீன், அந்த அடினோசின் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் குழாய் சுருங்கும். தினமும் குடிப்பவர் ஒரு நாள் நிறுத்தினால், 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் குழாய் விரிந்து தலை வலிக்கும். சில நாளில் தானாக மாறும். பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வலிக்காத பிரஷருக்குத்தான். "தலை வலிக்கல, மாத்திரை எதுக்கு?" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். பிரஷர் கூடினாலும் பெரும்பாலும் எந்த வலியும் தெரியாது. வருஷக்கணக்கில் கூடியே இருந்தால் தசை வளையம் தடித்து, கதவு இறுகிப்போகும். ஒரு நாள் குழாய் அடைபடும், இல்லாவிட்டால் வெடிக்கும். அதுதான் பாரிசவாதம். வெத்தலையோடு போடும் பொயலையிலும், பீடி சிகரட்டிலும் உள்ள நிக்கொட்டின், குழாயை இறுக்கும் நரம்புகளைத் தூண்டிப் பிரஷரை ஏற்றிவிடும்.

ஆகவே பிரஷரை அளந்து பாருங்கள். திரும்பத் திரும்ப 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் டாக்டரிடம் போங்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகும் என்பது நமக்கும் தெரியும். ஆனால் வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அவரோடு, பார்த்துக்கொள்பவரின் பேரும் சேர்ந்தே போகும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் தேத்தண்ணியோ தண்ணியோ வாயில் ஊற்றவே வேண்டாம். விழுங்க முடியாமல் புரையேறி, நுரையீரலுக்குள் போய்விடும்.

இதை இன்றைக்கே பக்கத்து லயத்தில் இருக்கிறவர்களுக்கும் சொல்லுங்கள்.