மனோன்மணீயமும் மணமாலையும்



அஞ்செட்டி மலைப்புறத்துப் பள்ளிகளிலும் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கிறது. வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகளும் அதனைப் பிழையின்றிப் பாடுகின்றனர். 1970இல் தமிழக அரசு ஏற்று, 2021இல் மாநிலப் பாடலாக அறிவித்த அப்பாட்டு ஒரு நாடகத்தின் பாயிரத்தினின்று எடுக்கப்பட்டது என்பதைப் பலரும் அறிவர். அந்நாடகம் எவ்வாறு முடிகிறது என்று கேட்டால், கற்றோரும் சற்றே தயங்குவர். பாயிரம் நாவெல்லாம் நிலைத்திருக்க முடிவு மட்டும் மறைந்தது ஏன் என்பதே இவ்வுரையின் பொருள்.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். ஆங்கிலத்தில் லிட்டன் பிரபு எழுதிய ‘இரகசிய வழி’ என்னும் கதையைத் தழுவிப் பாண்டியர் அரண்மனைக்குள் அவர் அதனை வளர்த்தெடுத்தார். செய்யுளில் ஐந்து அங்கங்களாக அமைந்த அந்நூல், அன்றைய தமிழுக்கு முற்றிலும் புதியதொரு முயற்சி. பெரும் நம்பிக்கை தந்த முயற்சி.

நம்பிக்கைக்குக் காரணம் குடிலன். வெளிப்பகைவனைக் காட்டிலும் அருகிருந்து ஆலோசனை கூறும் அமைச்சனே நாட்டைக் கெடுப்பவன் என்பதை அந்நாடகம் படிப்படியாகக் காட்டுகிறது. மன்னன் சீவகன் நல்லவன். ஆனால் புகழுரைக்கு மயங்குபவன். சேரன் புருடோத்தமனிடம் மணத்தூது செல்ல வேண்டிய இடத்தில் குடிலன் தன் மகன் பலதேவனை அனுப்பி, நாஞ்சில் நாட்டு வழக்கைக் கிளறிப் போர் மூட்டுகிறான். சீவகன் தோற்றுக் கோட்டைக்குள் ஒடுங்குகிறான். மகளைக் காப்பதாக எண்ணி அவளைப் பலதேவனுக்கே மணமுடிக்கத் துணிகிறான். உள்ளம் ஒவ்வாத அம்மணத்திற்குத் தந்தையின் துயர் கருதி மனோன்மணி இசையும் இடமே நாடகத்தின் கொடுமுடி.

இதன்பின் நிகழ்வது என்ன? சுந்தர முனிவர் முன்னரே அமைத்த சுரங்கத்தைக் கண்டறிந்த குடிலன், அரசனைக் காட்டிக்கொடுக்கச் சேரனிடம் செல்கிறான். சேரனோ அவனையே சிறைப்படுத்தி, அவ்வழியே மணமண்டபத்திற்குள் நுழைகிறான். கனவில் கண்ட காதலனை எதிரே கண்ட மனோன்மணி அவன் கழுத்தில் மாலையிடுகிறாள். சூழ்ச்சி வெளிப்படுகிறது, நாடகம் முடிகிறது.

நடுநிலையோடு நோக்கினால், இம்முடிவு திடீரெனப் புகுத்தப்பட்டதன்று. சுரங்கமும் கனவும் தொடக்கத்திலேயே விதைக்கப்பட்டவை. தான் தோண்டிய குழியில் குடிலன் தானே விழுவதும் பொருத்தமே. குறை வேறிடத்தில் உள்ளது. மனோன்மணி தன் வாழ்வையே பணயமாக வைத்து எடுத்த முடிவுக்கு அவள் எந்த விலையும் தர நேரவில்லை. ஒரு மாலை அதனை அழித்துவிடுகிறது. சீவகனும் தன் அறியாமையைத் தானே உணர்ந்து திருந்தியவனல்லன். உண்மை வெளியிலிருந்து வந்து அவன் முன் நிற்கிறது. களத்தில் மடிந்தோர்க்காகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி மணவிழாவின் மகிழ்ச்சியில் கரைந்துபோகிறது. 1942இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் இதனைத் திரைப்படமாக்கியபோது காதற்கதை எளிதாகத் திரைக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

இங்கு இப்சனின் ‘பொம்மை வீடு’ நினைவுக்கு வரும். 1879இல் வெளியான அந்நாடகத்தில் நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள். செருமானிய நடிகை ஒருவர் அவ்வாறு நடிக்க மறுக்கவே, அவள் வீட்டிலேயே தங்கிவிடுவதாக இப்சன் தாமே மாற்று முடிவு எழுதித் தந்தார். பின் அதனைக் காட்டுமிராண்டித்தனம் என்று தாமே கடிந்தார். உலக மேடையில் நிலைத்தது அவர் முதலில் எழுதிய முடிவே.

அத்தனை தொலைவு செல்லவும் வேண்டா. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் விழாவின் பாரதக் கூத்து படுகளத்தில் நிறைவுறுகிறது. துகிலுரிதல் இரவில் அவிழ்ந்த கூந்தல், மண்ணால் வனைந்த துரியோதனன் உருவத்தின் அருகே முடிக்கப்படுகிறது. ஆனால் பல ஊர்களில் அங்கே வெற்றிக் கூச்சலோடு ஒப்பாரியும் எழும். சபதம் நிறைவேறியது, அதற்குரிய விலையும் ஊரறியக் கணக்கிடப்பட்டது. கதையை முன்னரே அறிந்த மக்கள் அதனைக் காண ஆண்டுதோறும் திரள்வதற்கு இதுவே காரணம்.

மனோன்மணீயத்தின் பெருமையை இக்குறை மாய்க்காது. நாற்பத்திரண்டு வயதில் மறைந்த சுந்தரம் பிள்ளை முன்மாதிரி இல்லாத பாதையில் தனியே நடந்தவர். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோர்க்கு அவ்விலக்கு இல்லை. ஓசூர் ஆலைகளின் இரவுப்பணியையோ, எல்லையோர மக்களின் இருமொழி வாழ்வையோ நாடகமாக்க முனையும் இளைஞர்கள், நல்ல முதலாளி ஒருவர் வந்து எல்லாவற்றையும் தீர்ப்பதாகத் திரையை இறக்கலாகாது. பாத்திரம் பட்ட கடனைப் பாத்திரமே தீர்க்க வேண்டும்; தீர்க்க இயலாதாயின், அந்தக் கடனோடே அதனை அவையோர் முன் நிறுத்த வேண்டும்.