கழிவைக் கொட்டினவன் சொல்லணும்! கொட்டினவனே சுத்தம் பண்ணணும்!

(பாலாற்றுப் பகுதி விவசாயிகள் ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



ஊரெல்லாம் மழை பெய்தால் சந்தோஷப்படுகிறது. நாம் பயப்படுகிறோம். வெள்ளம் வரும் ராத்திரியாகப் பார்த்துத் தோல் கழிவைத் திறந்து விடுகிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கால்வாய் பூரா நுரை, மாடு வாய் வைக்க மாட்டேங்குது. கேட்டால், "தொட்டி உடைஞ்சு போச்சு, விபத்து" என்கிறார்கள்.

சரி, விபத்துன்னே வைத்துக்கொள்வோம். அதுக்கும் சட்டம் இருக்கிறது. 1974-ம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 31-வது பிரிவு: விஷக் கழிவு ஆற்றிலோ, கிணற்றிலோ, நிலத்திலோ கலந்தால், கலக்கும் அபாயம் இருந்தால்கூட, ஆலைப் பொறுப்பாளர் உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 9-வது பிரிவு: பாதிப்பைத் தடுப்பதும் குறைப்பதும் அவர் கடமை. அரசு செலவழித்துச் சரி செய்தால், அந்தச் செலவை வட்டியோடு, நிலவரி பாக்கி மாதிரி அவரிடம் வசூலிக்கலாம்.

நிலவரி பாக்கியை எப்படி வசூலிப்பாங்கன்னு நமக்குச் சொல்லித் தரணுமா? நம் வீட்டு வாசலுக்கு ஜப்தி நோட்டீஸ் வருகிறது. ஆலை வாசலுக்கு ஏன் போகவில்லை?

1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீர்செய்யும் செலவும் அவருடையதே. 2001-ல் ஆணையம் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது: கிடைக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று. தீர்ப்புக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு தலைமுறையே போய்விட்டது.

ஆகவே நாமும் சும்மா இருக்கக் கூடாது. வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். கழிவு வந்த அன்றைக்கே தேதி, நேரம், சர்வே நம்பர் போட்டு மனு எழுதுவோம். வி.ஏ.ஓ., தாசில்தார், வாரியம் மூன்று பேருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குவோம். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்து வருஷம்தான் கெடு. அப்போது அந்தச் சீட்டுதான் நம் சாட்சி.

நம் கோரிக்கைகள்:

1. ஆலைகள் தெரிவித்த கழிவுக் கசிவு விவரத்தைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டு!

2. மறைத்த ஆலைக்கு மின்சாரத்தைத் துண்டி!

3. சுத்தம் செய்யும் செலவை நிலவரி பாக்கியாக வசூல் செய்!

கிஸ்திக்கு நமக்கு ஒரு சட்டம், கழிவுக்கு அவர்களுக்கு ஒரு சட்டமா? விடமாட்டோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!